இங்கிலாந்தில் உங்கள் ஊழியருக்கு ஜூரி சம்மன் வந்தால்: விலக்கோ வேறு தேதியோ கேட்பது எப்படி

மூன்று நான்கு பேர் வேலை பார்க்கும் சின்ன ஆபீஸில் ஒருவர் வந்து, "ஜூரி சர்வீஸுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், இரண்டு வாரமாவது ஆகும்" என்று கடிதத்தை நீட்டினால் முதலாளிக்கு வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். (ஜூரி என்றால் நீதிமன்றத்தில் வழக்கைக் கேட்டுத் தீர்ப்பு சொல்லும் பொதுமக்கள் குழு, அதில் ஒருவர்தான் ஜூரர்.) பயப்பட வேண்டாம், வழி இருக்கிறது. ஆனால் அந்த வழி பலர் நினைப்பது போல "எங்கள் ஆளை விட்டுவிடுங்கள்" என்று கேட்பது அல்ல, "இந்தத் தேதி வேண்டாம், அந்தத் தேதியில் வருவார்" என்று கேட்பதுதான். கீழே உள்ளது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும். ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் விதிகள் தனி.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைத் தீர்த்துவிடலாம். "அவர் பிரிட்டிஷ் சிட்டிசனே இல்லையே, எப்படிக் கூப்பிடுவார்கள்?" என்று நம் கடைக்காரர்கள் பலர் கேட்பார்கள். கூப்பிடலாம். ஜூரியைக் கம்ப்யூட்டர் வாக்காளர் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் எடுக்கிறது, காமன்வெல்த் நாட்டவர் அங்கே முறைப்படி வசித்தால் அந்தப் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். ஆக இந்திய, இலங்கை, மலேசிய பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கும் சம்மன் வரும். வயது 18 முதல் 75 வரை, 13 வயதுக்குப் பிறகு தொடர்ந்து 5 வருடமாவது பிரிட்டனில் வசித்திருக்க வேண்டும், இவைதான் முக்கிய நிபந்தனைகள். டாக்டர், வக்கீல் என்று தொழிலைச் சொல்லித் தானாகவே தப்பிக்கும் வழி 2004-ல் மூடப்பட்டுவிட்டது, இப்போது நீதிபதிகளுக்கே சம்மன் வருகிறது.

படி 1: சம்மனை அன்றைக்கே வாங்கிப் பாருங்கள்

பார்க்க வேண்டியவை மூன்று: எந்த நீதிமன்றம், எந்தத் தேதியில் ஆரம்பம், ஜூரர் எண் என்ன. கடிதம் கைக்கு வந்து 7 நாளுக்குள் ஊழியர் பதில் அனுப்பியாக வேண்டும், பதிலே அனுப்பாமல் விட்டால் 1,000 பவுண்டு வரை அபராதம், அதுவும் அவர் பெயரில். அதனால் "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று டிராயருக்குள் போட்டுவிடாதீர்கள். இன்னொன்றையும் அப்போதே கேட்டுவிடுங்கள்: கடந்த 2 வருடத்துக்குள் ஏற்கெனவே ஜூரியாக இருந்தாரா? இருந்திருந்தால் விலக்கு அவருடைய உரிமை, உங்கள் கடிதமே தேவையில்லை.

படி 2: தள்ளிவைப்பா, விலக்கா?

இரண்டும் ஒன்றல்ல. தள்ளிவைப்பு என்றால் வேறு தேதியில் வருவது, அந்தத் தேதி 12 மாதத்துக்குள் இருக்க வேண்டும், இந்த வாய்ப்பு ஒரே ஒரு முறைதான். விலக்கு என்றால் இந்த முறைக்கு வரவே வேண்டாம் என்பது. அடுத்த 12 மாதத்தில் எந்த நாளிலும் வர முடியாது என்று காட்டினால்தான் அதைக் கொடுப்பார்கள். வேலையைக் காரணம் காட்டி இதை நிரூபிப்பது மிகக் கடினம், ஏனென்றால் வருடம் முழுக்க ஒருவர் 10 நாள்கூட நகர முடியாத வியாபாரம் என்று சொன்னால், "அப்போ அவர் லீவே எடுப்பதில்லையா?" என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும். அதனால் தள்ளிவைப்பையே கேளுங்கள் என்பது என் உறுதியான யோசனை. பெரும்பாலான முதலாளிகளுக்கு உண்மையில் தேவைப்படுவதும் அதுதான்.

படி 3: கடிதம் எழுதுவது

நீங்களாக விண்ணப்பம் போட முடியாது. கேட்பவர் ஊழியர்தான், நீங்கள் அவர் கையில் ஒரு கடிதம் கொடுக்கிறீர்கள். அவர் இல்லாவிட்டால் உங்கள் வியாபாரத்துக்குப் பெரிய பாதிப்பு வரும் என்பதை அந்தக் கடிதம் காட்ட வேண்டும். "மிகவும் பிஸி", "முக்கியமான ஊழியர்" இதெல்லாம் எல்லோரும் எழுதுவது, இதில் எடை இல்லை.

ஒரு கற்பனை உதாரணம் எடுத்துக்கொள்வோம். லண்டன் ஹாரோவில் ஒரு சின்ன அக்கவுண்டன்ட் ஆபீஸ், சம்மன் ஜனவரி நடுவில். ஆன்லைனில் போடும் வருமான வரிக் கணக்குக்கு ஜனவரி 31 கடைசித் தேதி என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும், தாண்டினால் வாடிக்கையாளருக்கு 100 பவுண்டு அபராதம். கடிதத்தின் சாரம் இப்படி இருக்கலாம், நீங்கள் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்:

"எங்கள் அலுவலகத்தில் வரிக் கணக்கு தயார் செய்பவர்கள் இரண்டே பேர், அதில் இவர் ஒருவர். ஜனவரி 31-க்குள் இவர் முடிக்க வேண்டிய கணக்குகள் 60. அந்த வாடிக்கையாளர்களின் விவரங்கள் இவருக்குத்தான் தெரியும். தற்காலிக ஆளுக்கு ஏஜென்சியில் கேட்டோம், ஜனவரியில் கிடைக்கவில்லை. பிப்ரவரி 10 முதல் மார்ச் 20 வரையிலும், மே, ஜூன் மாதங்களிலும் இவரை எந்தத் தடையும் இல்லாமல் அனுப்புகிறோம்."

இதில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஏன் இந்த ஆள், ஏன் இந்தத் தேதி, மாற்று ஏற்பாட்டுக்கு என்ன முயற்சி செய்தீர்கள். மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு மருந்துக்கடை முதலாளி "எங்களுக்கு ஒரே பார்மசிஸ்ட்தான்" என்று மட்டும் எழுதினால், "லோக்கம் (தற்காலிக மாற்று பார்மசிஸ்ட்) வைத்துக்கொள்ளலாமே" என்பதே முதல் பதிலாக வரும். தேடியும் கிடைக்கவில்லை என்றால் யாரிடம், எப்போது கேட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். கடைசி வரியில் அவர் வரக்கூடிய தேதிகள் இருக்கட்டும், அதுவே நீங்கள் தட்டிக்கழிக்கவில்லை என்பதற்குச் சாட்சி. லெட்டர்ஹெட், கையெழுத்து, பதவி, தொடர்பு எண், ஊழியரின் முழுப்பெயர், ஜூரர் எண் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். பொய் மட்டும் வேண்டாம், இது நீதிமன்றத்துக்குப் போகும் விஷயம்.

படி 4: ஊழியர் அனுப்புவது

அரசு இணையதளத்தில் ஜூரர் எண்ணைப் போட்டுப் பதில் கொடுக்கலாம், தபாலிலும் அனுப்பலாம். போவது சம்மன்களை அனுப்பும் அரசு அலுவலகமான ஜூரி சென்ட்ரல் சம்மனிங் பீரோவுக்கு. பதிலில் தேதி மாற்றம் வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுத்து, காரணத்தை விவரமாகச் சொல்ல வேண்டும், அடுத்த 12 மாதத்துக்குள் வரக்கூடிய மூன்று தேதிகளையும் சொல்லலாம். ஊழியர் எழுதும் தேதியும் உங்கள் கடிதத்தில் உள்ள தேதியும் முரண்படாமல் இருக்க, இருவரும் ஒன்றாக உட்கார்ந்து ரோட்டாவை (வேலை நேர அட்டவணையை) பார்த்து நிரப்புவது நல்லது. பதில் வரும்வரை பழைய தேதிதான் செல்லும். மறுத்துவிட்டால் மேல்முறையீடு செய்யலாம், ஆனால் அதே கடிதத்தைத் திருப்பி அனுப்பிப் பயனில்லை, முதலில் சொல்லாத விவரத்தைச் சேருங்கள்.

படி 5: மறுத்துவிட்டால், அல்லது புதிய தேதி வந்துவிட்டால்

அனுப்பித்தான் ஆக வேண்டும். ஜூரிக்குப் போனதற்காக ஒருவரை வேலையை விட்டு நீக்குவதும் ஒதுக்குவதும் 1996 வேலைவாய்ப்பு உரிமைச் சட்டப்படி தவறு, அவர் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது என்றாலும் இந்தப் பாதுகாப்பு உண்டு. ஒரு விதிவிலக்கு இருக்கிறது: அவர் போனால் வியாபாரத்துக்குக் கணிசமான பாதிப்பு என்று நீங்கள் காரணத்தோடு சொல்லியும், நியாயமான காரணமில்லாமல் அவர் தேதி மாற்றமோ விலக்கோ கேட்க மறுத்திருந்தால், நீக்கத்துக்கு எதிரான பாதுகாப்பு அவருக்குக் கிடைக்காமல் போகலாம். இதை மிரட்டலாகப் பயன்படுத்தாதீர்கள், அவர் செய்வது ஒரு பொதுக் கடமை. நீங்கள் சொன்னது எழுத்தில் இருக்கட்டும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

சம்பளம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. கொடுக்காவிட்டால் ஊழியர் நீதிமன்றத்திடம் வருமான இழப்பைக் கேட்கலாம், அதற்கு உச்சவரம்பு உண்டு, முதல் 10 நாளுக்கு நாளொன்றுக்கு 64.95 பவுண்டு என்பதே பல வருடமாக இருந்துவந்த தொகை, இப்போதைய தொகையை அரசுப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கான வருமான இழப்புச் சான்றிதழை நிரப்பித் தர வேண்டியவர் நீங்கள். முடிந்தால் மீதியை நீங்கள் போட்டு முழுச் சம்பளமாகக் கொடுங்கள், சின்ன ஆபீஸில் அந்த மரியாதை மறக்கப்படாது.

அப்புறம், வழக்கைப் பற்றி அவரிடம் கேட்காதீர்கள். நடக்கும்போது அவர் யாரிடமும் பேசக்கூடாது, ஜூரி அறையில் நடந்த விவாதத்தைப் பிறகு வெளியே சொல்வதும் குற்றம்.

வழக்கு நீளும் என்று தெரிந்தால் பொதுவாக ஆரம்பத்திலேயே நீதிபதி ஜூரர்களிடம் யாருக்காவது சிரமம் இருக்கிறதா என்று கேட்பார். அதற்கென்று ஒரு சிறிய கடிதத்தை, இரண்டு வாரத்துக்கு மேல் போனால் ஆபீஸில் என்ன நின்றுவிடும் என்பதை மட்டும் எழுதி, முதல் நாளே அவர் பையில் கொடுத்தனுப்புங்கள்.