ஆடிக் கூழை உயிருள்ள கூழாகச் செய்வது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்து மாரியம்மன் கோயில்களில் ஆடி மாதம் வார்க்கப்படும் புளித்த கூழ் வயிற்றுக்கு நல்லது என்று நம் வீடுகளில் சொல்லப்படுவது பெரும்பாலும் உண்மையே. ஆயினும் இரவு முழுவதும் மாவில் பெருகிய நுண்ணுயிர்கள் அடுப்பில் கொதிக்கும்போது ஏறக்குறைய அனைத்துமே மடிந்துவிடுகின்றன என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. புளிப்பு மட்டும் எஞ்சுகிறது. உலக நலவாழ்வு அமைப்பும் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் 2001-இல் வகுத்த இலக்கணப்படி, உயிரோடு, போதிய அளவில் உட்கொள்ளப்பட்டு, உடலுக்கு நன்மை தரும் நுண்ணுயிரே புரோபயாடிக் ஆகும். ஆகவே கூழ் ஆறிய பிறகு அதில் மாஸ் என்னும் கெட்டியான புளித்த பாலைக் கலப்பதுதான் இந்தச் சமையலின் முக்கியமான படி.

உடலின் எதிர்ப்பணுக்கள் பல குடல் சுவரை ஒட்டியே தங்கியிருக்கின்றன. அங்குள்ள சில அணுக்கள் உணவோடு வரும் நுண்ணுயிர்களை ஓயாமல் சோதித்து, எவற்றைத் தாக்க வேண்டும், எவற்றைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று மற்ற அணுக்களைப் பழக்குகின்றன. நல்ல பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலத்தைச் சுரந்து தீய கிருமிகளுக்கு இடமில்லாமல் செய்வதோடு, குடலின் சளிப்படலத்தைக் காக்கும் இம்யூனோகுளோபுலின் ஏ என்னும் எதிர்ப்புப் புரதம் சுரப்பதற்கும் தூண்டுகோலாகின்றன. புரோபயாடிக் விளம்பரங்கள் எதிர்ப்பாற்றலைக் 'கூட்டும்' என்கின்றன. அளவின்றிக் கூடினால் ஒவ்வாமையும் உடல் தன்னையே தாக்கும் நோய்களும்தான் மிஞ்சும். வேண்டியது கட்டுப்பாடு.

அந்தக் கட்டுப்பாட்டுக்குப் பெரிதும் உதவுவது, பெருங்குடல் பாக்டீரியாக்கள் நார்ச்சத்தைப் புளிக்கவைத்து உண்டாக்கும் பியூட்டிரேட் என்னும் கொழுப்பு அமிலம். இதற்கு நம் மாகாணத்திலிருந்தே நல்ல சான்று உண்டு. 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், நம் குவாசுலு-நாட்டால் மாகாணத்துக் கிராமப்புறத்தைச் சேர்ந்த 20 பேரும் ஆப்பிரிக்க அமெரிக்கர் 20 பேரும் இரண்டு வாரங்களுக்குத் தங்கள் உணவை மாற்றிக்கொண்டனர். நார்ச்சத்து மிகுந்த உணவுக்கு மாறிய அமெரிக்கர்களிடம் பியூட்டிரேட் சுமார் இரண்டரை மடங்காக உயர்ந்தது. கொழுப்பும் இறைச்சியும் மிகுந்த உணவுக்கு மாறிய கிராமத்தாரிடம் அது பாதியாகக் குறைந்தது. இதைப் படித்த பின், விலை உயர்ந்த புரோபயாடிக் கேப்சூல்களைவிடக் கூழோடு உண்ணும் பருப்பும் பீன்ஸ் கறியும் கூடுதல் பலன் தரும் என்றே எனக்குத் தோன்றுகிறது. சமைத்து ஆறவைத்த மக்காச்சோளக் கூழில் மாவுச்சத்தின் ஒரு பகுதி எளிதில் செரிக்காத வடிவத்துக்கு மாறுவதால், அதுவும் பெருங்குடல் பாக்டீரியாக்களுக்கு இரையாகிறது.

ஒரு கப் மீலி மீல் எனப்படும் மக்காச்சோள மாவை இரண்டு கப் வெதுவெதுப்பான நீரில் கரைத்து, ஒரு தேக்கரண்டி மாஸ் விட்டு, மெல்லிய துணியால் மூடி வையுங்கள். கோடையில் ஓர் இரவு போதும்; ஆடியில் இங்கே குளிர்காலம் என்பதால் இரண்டு இரவுகள் ஆகலாம். மேலே சிறு குமிழ்கள் எழுந்து, மணம் இதமான புளிப்பாக இருந்தால் மாவு பதத்துக்கு வந்துவிட்டது. இளஞ்சிவப்பு, பச்சை, கறுப்பு நிறப் பூசணம் தென்பட்டால் மேலாக வழித்துவிட்டுப் பயன்படுத்தாமல் முழுவதையும் கொட்டிவிட வேண்டும். கொதிக்கும் மூன்று கப் நீரில் மாவை ஊற்றி, கட்டி தட்டாமல் கிளறி, இருபது நிமிடம் வேகவிடுங்கள். விரல் வைத்தால் சூடு தெரியாத அளவுக்கு ஆறியதும் ஒன்று அல்லது இரண்டு கப் மாஸும் நறுக்கிய சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்க்கலாம். உடனே உண்ணாவிட்டால் குளிர்பெட்டியில் வைப்பதே பாதுகாப்பு.

மாஸ் வாங்கும்போது, அதில் உயிருள்ள நுண்ணுயிர்கள் இருப்பதாகப் பொட்டலத்தில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். புளிக்கவைத்த பின் மீண்டும் சூடாக்கியதாக இருந்தால் பயனில்லை. பழச்சுவை சேர்த்த தயிர்களில் சர்க்கரை அதிகம். நீரிழிவு பரவலாக உள்ள நம் சமூகத்துக்கு அவை ஏற்றவை அல்ல. எண்ணெயிலும் வினிகரிலும் ஊறும் மாங்காய் அச்சாரும் புளிப்புதான், ஆனால் அதில் உயிருள்ள பாக்டீரியாவை எதிர்பார்க்க முடியாது.

பழக்கமில்லாதவர்கள் நான்கைந்து கரண்டியில் தொடங்கினால் வயிறு உப்பாது. வெளியிலிருந்து வரும் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் குடலில் நிலையாகக் குடியேறாமல் வெளியேறிவிடுவதால், என்றோ ஒரு நாள் நிறைய உண்பதைவிட அன்றாடம் சிறிது உண்பதே மேல். ஆன்டிபயாடிக் எடுப்பவர்கள் மருந்துக்கும் மாஸுக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது விட வேண்டும். ஆன்டிபயாடிக்குக்குப் பின் புரோபயாடிக் கேப்சூல் தொடர்ந்து எடுத்தவர்களிடம் அவர்களது சொந்தக் குடல் நுண்ணுயிர்கள் திரும்ப வளர்வது தாமதமானதாக 2018-இல் இஸ்ரேலில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே மருத்துவர் சொல்லாமல் கேப்சூல் எடுக்க வேண்டியதில்லை.

கீமோதெரபி எடுப்பவர்களும், எதிர்ப்பாற்றல் வெகுவாகக் குன்றியவர்களும், குறைமாதக் குழந்தைகளின் பெற்றோரும் எந்தப் புரோபயாடிக்கையும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. கர்ப்பிணிகள் காய்ச்சாத பாலில் வீட்டில் உறையவைத்த மாஸைத் தவிர்த்துவிட்டு, பாஸ்டரைஸ் செய்த பாலில் உறையவைத்ததையே வாங்க வேண்டும். 2017-18-இல் இந்நாட்டில் 200-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட லிஸ்டீரியா என்னும் கிருமி, பொலோனி என்னும் பதப்படுத்திய இறைச்சியிலிருந்து பரவியது என்றாலும், அக்கிருமி காய்ச்சாத பாலிலும் இருக்கக்கூடும்.