மால்ட் காய்ச்ச ஒரு கரண்ட் அண்டா: செட்டிநாட்டு வீட்டுக்கு ஏற்ற 3 கிலோவாட் செட்டப்

வெளிநாடுகளில் வீட்டிலேயே பீர் காய்ச்சுபவர்கள் வைத்திருக்கும் மின் அண்டாவும் இதுவும் ஒன்றேதான். கடைசிப் படி மட்டும் வேறு. 1937ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் வீட்டில் பீர் தயாரிப்பது குற்றம். அதனால் இங்கே ஈஸ்ட் கிடையாது. முளைகட்டிக் காயவைத்த தானியமான மால்ட்டின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி, கொதிக்க வைத்து, ஆறவைத்து, இனிப்பான மால்ட் பானமாகக் குடிப்பதோடு சரி. அண்டா கட்டும் வேலையில் இதனால் ஒரு ஆணி கூடக் குறையாது.

கேஸ் அடுப்பில் ஏன் கூடாது? கூடும். ஆனால் 67 டிகிரியில் ஒரு மணி நேரம் பிடித்து வைக்க அடுப்பை ஏற்றி இறக்கிக்கொண்டே நிற்க வேண்டும். 60க்குக் கீழே போனால் மாவு சரியாகக் கரையாது. 75 தாண்டினால் அதைச் சர்க்கரையாக்கும் நொதிகள் செத்துவிடும், பிறகு என்ன செய்தாலும் கஞ்சிதான்.

அண்டா

40 லிட்டர் எவர்சில்வர், 304 ரகம், 1 மி.மீ. கனத்துக்குக் குறையாமல். காந்தம் வைத்துப் பார்த்து வாங்குவதை நம்பாதீர்கள். மலிவான 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. பில்லில் 304 என்று எழுதித் தரும் கடையில் வாங்குங்கள்.

வீட்டில் சும்மா கிடக்கும் பித்தளை அண்டாவில் ஓட்டை போடலாமா என்று யோசிப்பவர்களுக்கு: வேண்டாம். மால்ட் சாறு லேசான புளிப்புள்ளது. ஈயம் தேய்ந்த இடத்தில் செம்பும் துத்தநாகமும் அதில் இறங்கும். அந்த அண்டாவைக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் போட்டால் வருகிற பணத்தில் பாதிச் செட்டப் முடிந்துவிடும். அதையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஹீட்டருக்கு அடியிலிருந்து 5 செ.மீ. உயரத்தில் 34 மி.மீ. ஓட்டை (1 அங்குலத் திருகு). வால்வுக்கு 21 மி.மீ. ஓட்டை (அரை அங்குலம்). லேத் பட்டறையில் போட்டுக்கொள்வது உத்தமம். சொந்தமாகப் போடுவதானால் டிரில்லை மெதுவாக ஓட்டி எண்ணெய் விட்டுக்கொண்டே அழுத்திக் குடையுங்கள். வேகமாகச் சுற்றினால் எவர்சில்வர் இறுகிக்கொள்ளும், பிட் மழுங்கிவிடும். இணைப்புகளுக்கு உணவுத்தர சிலிக்கான் வாஷர். கறுப்பு ரப்பர் வாஷர் சாற்றில் நாறும்.

ஹீட்டர்

3 கிலோவாட், 230 வோல்ட், நீளமாக மடித்த எவர்சில்வர் காயில். அதே 3 கிலோவாட்டைச் சின்னக் காயிலில் அடைத்திருந்தால் வாங்காதீர்கள். சூடு ஒரே இடத்தில் குவிந்து சர்க்கரை கருகும். வாங்கியதும் மல்டிமீட்டரில் இரு முனைக்கும் நடுவே அளந்தால் 17.6 ஓம் வாக்கில் காட்ட வேண்டும்.

20 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 70க்குக் கொண்டுபோக, கணக்குப்படி 20 நிமிடம். கோடையில் வோல்ட்டேஜ் 180க்கு இறங்கினால் அதே ஹீட்டர் 1.8 கிலோவாட்டுக்கு விழுந்துவிடும், 32 நிமிடம் ஆகும். ஹீட்டர் பழுதில்லை, வோல்ட்டேஜ்தான்.

வயரிங்

இதை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீசியனிடம் கொடுங்கள். ஆனால் அவர் என்ன செய்ய வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மெயின் போர்டிலிருந்து தனி லைன். 16 ஆம்பியர் எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்), அதற்கடுத்து 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிப்பது). முன்னது வயரைக் காப்பாற்றும். உங்களைக் காப்பாற்றுவது பின்னதுதான். ஒன்று இருக்கிறதே என்று மற்றதை விடக்கூடாது.

நம் செட்டிநாட்டு வீடுகள் முகப்பில் தொடங்கி, வளவைத் தாண்டி, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று பின் தெருவரை ஓடும். மெயின் போர்டு முகப்பில், அண்டா அடுப்படியில். 40 மீட்டர் சாதாரணம். 13 ஆம்பியர் ஓடும்போது அந்தத் தூரத்துக்கு 1.5 சதுர மி.மீ. செம்பு வயரில் 12 வோல்ட் வீணாகும், 150 வாட்டுக்கு மேல் சுவருக்குள்ளேயே சூடாகும். 4 சதுர மி.மீ. போட்டால் இழப்பு நாலரை வோல்ட்தான். பழைய மரப்பட்டி வயரிங்கில் இந்த ஹீட்டரைச் சொருகவே கூடாது. இன்வெர்ட்டர் லைனிலும் கூடாது.

எர்த் வயர் மூன்று இடத்துக்குப் போக வேண்டும்: அண்டாவின் உடல், கன்ட்ரோல் பெட்டி, எஸ்.எஸ்.ஆரின் (ஹீட்டரை ஆன்-ஆஃப் செய்யும் எலக்ட்ரானிக் சுவிட்ச்) சூட்டை இழுத்து வெளியேற்றும் ஹீட்சிங்க். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் தண்ணீர் சிந்தி, வெறுங்காலோடு நின்று அண்டாவைத் தொடப்போவது நீங்கள்தான்.

பெட்டிக்குள் வரிசை: கீசருக்குப் போடும் 20 ஆம்பியர் டி.பி. சுவிட்ச் (பேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிப்பது), பிறகு பேஸ் மட்டும் எஸ்.எஸ்.ஆர். வழியாக ஹீட்டருக்கு, நியூட்ரல் நேராக. டி.பி. சுவிட்ச் அலங்காரமில்லை. எஸ்.எஸ்.ஆர். கெட்டால் பெரும்பாலும் ஆன் ஆன நிலையிலேயே கெடும். கன்ட்ரோலர் அணைத்தாலும் ஹீட்டர் எரிந்துகொண்டே இருக்கும். அப்போது முகப்பு வரை ஓடாமல் கையால் அணைக்க இதுதான் வழி.

எஸ்.எஸ்.ஆர். 40 ஆம்பியர் வாங்குங்கள். ஓடுவது 13தானே என்று 25 வாங்க வேண்டாம். மலிவான போலிகளில் மேலே அச்சடித்த எண்ணும் உள்ளே இருக்கும் சரக்கும் வேறு. ஓடும்போது 15 வாட்டுக்கு மேல் சூடு வரும். அலுமினிய ஹீட்சிங்க்கும் தெர்மல் பேஸ்ட்டும் கட்டாயம். ஆஃபில் இருக்கும்போதும் டெஸ்டர் லேசாக மினுங்கும். அது எஸ்.எஸ்.ஆரின் கசிவு, பயப்படாதீர்கள். அதற்காக மெயினை அணைக்காமல் உள்ளே கை வைக்கவும் வேண்டாம்.

பி.ஐ.டி. கன்ட்ரோலர்

சென்சார் காட்டும் சூட்டைப் பார்த்து ஹீட்டரை எப்போது எரியவிடுவது என்று முடிவு செய்யும் கருவி இது. ரெக்ஸ் சி100 மாதிரிகள் இரண்டு வகையில் வருகின்றன. ரிலே வகையில் குறியீட்டு எண்ணில் ‘எம்’ இருக்கும், எஸ்.எஸ்.ஆர். வகையில் ‘வி’. வெளியில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ‘எம்’ வாங்கி எஸ்.எஸ்.ஆரில் மாட்டினால் விளக்கெல்லாம் எரியும், ஹீட்டர் மட்டும் அசையாது. வாங்கும்போதே பக்கவாட்டு ஸ்டிக்கரைப் படியுங்கள்.

சூட்டை அளக்கும் சென்சார் பி.டி.100 வகை, மூன்று வயர். ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட 0 ஓம். அதில் ஒன்றுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே 30 டிகிரியில் 111 முதல் 112 ஓம். மெனுவில் கே வகை (வேறு வகைச் சென்சார்) என்று விட்டுவிட்டால் திரையில் அபத்தமான எண் வரும்.

சென்சாரை எங்கே வைப்பது

மொத்த வேலையில் பலரையும் கவிழ்ப்பது இந்த இடம்தான். படங்களில் பெரும்பாலும் வால்வுக்கு வெளியே, சாற்றை உறிஞ்சி மறுபடி அண்டாவுக்கே சுற்றிவிடும் பம்புக்குப் போகும் குழாயில் டி இணைப்பு போட்டுச் சென்சாரை வைத்திருப்பார்கள். சாறு ஓடிக்கொண்டிருக்கும் வரை அது அருமை. மால்ட் துகள் அடைத்தோ காற்று புகுந்தோ பம்பு நின்றால், குழாயில் தேங்கிய சாறு ஆறும். சென்சார் ‘63 டிகிரி’ என்று சொல்லும். கன்ட்ரோலர் அதை நம்பி முழுச் சக்தியைத் திறந்துவிடும். அண்டாவில் சாறு 80ஐத் தாண்டிக்கொண்டிருக்கும், திரையோ இன்னும் சூடு போதவில்லை என்று காட்டும். நொதியும் போச்சு, காயிலும் கருகிப்போச்சு.

அதனால் அண்டாச் சுவரிலேயே, ஹீட்டருக்கு எதிர்ப்பக்கம், ஹீட்டரைவிட 3 செ.மீ. மேலே, முனை 8 செ.மீ. உள்ளே நீட்டியிருக்கும்படி வையுங்கள். பம்பு நின்றாலும் அது அண்டாவின் உண்மையான சூட்டையே பார்க்கும். காயிலுக்கு நேர் மேலே வைத்தால் எதிர்மறைத் தவறு: அங்கே 67 காட்டும்போது மேல்பக்கம் 60தான் இருக்கும். மால்ட் போடும் துணிப்பைக்குள் தனி தெர்மாமீட்டர் ஒன்றைச் செருகி, இரண்டுக்கும் ஒரு டிகிரிக்குள் வித்தியாசம் இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள்.

பம்பு: 100 டிகிரி தாங்கும் உணவுத்தர 12 வோல்ட் பம்பு. தானாக உறிஞ்சாது என்பதால் வால்வைவிடத் தாழ்வாக வைக்க வேண்டும். கன்ட்ரோலர் உங்கள் அண்டாவுக்கு ஏற்பத் தன்னையே சரிசெய்துகொள்ளும் ஆட்டோ டியூனை 20 லிட்டர் வெறும் தண்ணீரில், பம்பு ஓடும்போது, 67க்கு வைத்துச் செய்யுங்கள். ஹீட்டரை ஆன்-ஆஃப் செய்யும் சுழற்சி நேரம் 2 விநாடி; ரிலேவுக்கான 20 விநாடியில் விட்டால் சூடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

காய்ச்சும் நாள்

4 கிலோ பார்லி மால்ட், ரவையைவிடக் கொரகொரப்பாக உடைத்தது. மளிகைக் கடைப் பார்லி ஆகாது. அது தோல் சீவியது, முளைக்காது.

20 லிட்டர் தண்ணீர் ஊற்றி, காயில் முழுகிவிட்டது என்று கண்ணால் பார்த்த பிறகே சுவிட்ச். வறண்ட காயில் சில விநாடிகளிலேயே போய்விடும். காயிலுக்கு மேலே ஓட்டையுள்ள தட்டு ஒன்றைக் கால் வைத்து நிறுத்தி, அதன்மேல் துணிப்பை. பை காயிலைத் தொடக்கூடாது.

70 டிகிரியில் மால்ட்டைக் கொட்டிக் கட்டியில்லாமல் கிளறினால் 67க்கு வந்து நிற்கும். கன்ட்ரோலரையும் 67க்கு வைத்து, பம்பைப் பாதி வால்வில் ஓட விடுங்கள். முழுதாகத் திறந்தால் பை அடியில் ஒட்டிக்கொள்ளும். 60 நிமிடம் கழித்து ஒரு ஸ்பூன் சாற்றில் ஒரு சொட்டு டிங்க்சர் அயோடின் விடுங்கள். கருநீலம் வந்தால் மாவு மிச்சம், இன்னும் 15 நிமிடம். அந்த ஸ்பூன் சாற்றைக் கொட்டிவிடுங்கள்.

பையைத் தூக்கி வடித்தால் 16 லிட்டர் தேறும். 105க்கு வைத்துக் கொதிக்க விடுங்கள். காரைக்குடியில் 100ஐ ஒட்டித்தான் கொதிக்கும், எனவே ஹீட்டர் தானாக அணையாது. 96க்கு மேல் நுரை பொங்கும், பக்கத்திலேயே நில்லுங்கள். 10 நிமிடம் போதும். ஆக மொத்தம் இரண்டரை யூனிட்டுக்குள் முடியும்.

ஆறவைக்க, தண்ணீர்த் தொட்டியில் பாத்திரங்களை வைத்து, பிறகு ஐஸ். சுக்கு தட்டிப்போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள். வெளியே விட்டால் காற்றில் வரும் ஈஸ்ட்டே நொதிக்க வைத்துவிடும். இறுக மூடிய கண்ணாடிப் பாட்டில் வெடிக்கும்.

பின்சேர்க்கை 1: ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறது

பல மாதம் சும்மா கிடந்த ஹீட்டரின் உள்பூச்சு ஈரத்தை இழுத்துக் கசியும். இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயவைத்து மெக்கர் (கரண்ட் கசிவைச் சோதிக்கும் மீட்டர்) போட்டுப் பாருங்கள். 1 மெகா ஓமுக்குக் குறைந்தால் மாற்றுங்கள். ஆர்.சி.சி.பி.யைக் கழற்றிவிட்டு ஓட்டுவது தீர்வல்ல.

பின்சேர்க்கை 2: கேழ்வரகு மால்ட்

போடலாம். கடை மால்ட் மாவு வறுத்தது, நொதி இருக்காது. 12 மணி நேரம் ஊறவைத்து, இரண்டு மூன்று நாள் முளைகட்டி, வெயிலில் காயவைத்து நீங்களே உடைத்தது வேண்டும். கேழ்வரகின் மாவு வேகப் பார்லியைவிட அதிகச் சூடு கேட்கும். பாதியைக் கேஸ் அடுப்பில் கஞ்சியாக்கி, 67க்கு ஆறவிட்டு, மீதி மால்ட்டை அதில் கலந்து பைக்குள் ஊற்றுங்கள். மாவாக அரைத்தால் துணி வழியே இறங்கிக் காயிலில் அப்பிக்கொள்ளும்.

பின்சேர்க்கை 3: வெள்ளைப் படிவு

போர்த் தண்ணீரின் உப்பு. லிட்டருக்கு 20 கிராம் சிட்ரிக் ஆசிட், 60 டிகிரி, 20 நிமிடம். கம்பி நார் வேண்டாம். கழுவிய தண்ணீரை ஆத்தங்குடிக் கல்லில் சிந்தாமல் நேரே சாக்கடையில் ஊற்றுங்கள்; அந்தக் கல்லில் சிமென்ட் இருப்பதால் அமிலம் பட்ட இடம் வெளுத்துவிடும், பிறகு எந்தத் தேங்காயெண்ணெய்த் துடைப்பிலும் பழைய மினுமினுப்பு வராது.