கடற்கரை வீட்டுக்கு விருந்துக்குப் போகும் முன்

ராமநாதபுரத்தில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டே இருப்பார்கள், "ஒரு நாள் உங்க ஊருக்குக் கூட்டிட்டுப் போங்க, மீன் சாப்பிடணும்" என்று. நாலைந்து முறை கூட்டிப் போயும் இருக்கிறேன். எங்கள் வீடு பாம்பன் பக்கம். அப்பா வல்லம் என்கிற நாட்டுப்படகில் மீன் பிடிக்கப் போனவர், அண்ணன் விசைப்படகில் கூலிக்குப் போகிறான். நான் படித்து மாசச் சம்பளத்துக்கு வந்துவிட்டதால் இரண்டு பக்கத்துப் பழக்கமும் எனக்குத் தெரியும். வருகிறவர்கள் நல்ல மனிதர்கள்தான், ஆனால் தெரியாமல் சிலதைச் செய்துவிடுகிறார்கள். அம்மா வாய் திறந்து எதுவும் சொல்லமாட்டார். அதனால் நான் எழுதுகிறேன்.

முதலில் தண்ணீர். எங்கள் தெருவில் குடிதண்ணீரைக் குடக் கணக்கில்தான் பேசுவோம். காவிரித் தண்ணீர் குழாயில் வந்தால் வந்தது, வராவிட்டால் இல்லை. வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. குடங்களை வரிசையாகச் சொருகி வைக்கிற தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு அம்மா விடியும் முன்பே போவார். திரும்பும்போது சக்கரம் மணலில் புதையும் இடம் ஒன்று உண்டு. அங்கே வண்டியைத் திருப்பி, முதுகை வளைத்துப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு வருவார்.

ஒரு முறை என்னோடு வேலை பார்த்த ஒருவர் குடும்பத்தோடு வந்திருந்தார். பிள்ளைகள் கடலில் ஆடிவிட்டு மணலும் காலுமாக வந்தார்கள். அவர் திண்ணையில் தட்டு போட்டு மூடியிருந்த குடத்தைத் தூக்கி, இரண்டு பிள்ளைகளுக்கும் கால் கழுவிவிட்டார். ஒரு குடம் முழுசாகப் போனது. "பரவாயில்ல தம்பி, சின்னப் புள்ளைக" என்று சொல்லிவிட்டு, அம்மா பின்வாசல் வழியாகப் பக்கத்து வீட்டு அத்தையிடம் ஒரு குடம் கடன் கேட்கப் போனார். அதை நான் மட்டும்தான் பார்த்தேன்.

அதனால் கை கால் கழுவும் முன் "எந்தத் தண்ணிய எடுக்கட்டும்?" என்று கேளுங்கள். குடிக்கக் கொடுத்தால் "அரை டம்ளர் போதும்மா" என்று சொல்லி, வாங்கியதை மிச்சம் வைக்காமல் குடியுங்கள். பாதி குடித்து வைத்த டம்ளரை எங்கள் வீட்டில் யாரும் சாக்கடையில் ஊற்றமாட்டார்கள். செடிக்குப் போகும், இல்லையென்றால் கோழிக்குப் போகும். கடையில் வாங்கிய பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு அதிலிருந்தே குடிப்பது மட்டும் வேண்டாம், மனசு வலிக்கும். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்று பயமாக இருந்தால் "கொஞ்சம் சுடுதண்ணி கிடைக்குமா?" என்று கேட்டுவிடுங்கள். அதில் யாருக்கும் வருத்தம் வராது.

போகும் நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். இரவெல்லாம் கடலில் கிடந்து வருகிறவர்கள் பகலில்தான் தூங்குவார்கள். காலை பத்து மணிக்கு அண்ணன் பாயில் படுத்திருந்ததைப் பார்த்து, "ஜாலியான வேலைதான்" என்றார் ஒருவர். இரவு முழுக்க வலை இழுத்த கை விரல் மடங்காமல் அவன் படுத்திருந்தான். சாயங்காலம் போங்கள், எல்லோரும் எழுந்திருப்பார்கள்.

சாப்பாட்டு விஷயம் கொஞ்சம் நுட்பமானது. நல்ல விலை போகும் மீனும் இறாலும் எங்கள் வீட்டு அடுப்புக்கு வருவதில்லை, அவை வியாபாரிக்குப் போய்விடும். நாங்கள் சாப்பிடுவது சூடை, காரல், சில நாள் திருக்கை. ஆனால் விருந்தாளி வருகிறார் என்றால் விற்க வேண்டிய பாறை மீனோ நண்டோ சட்டிக்குள் போகும், அன்றைய வரும்படியும் அதோடு போகும். முன்கூட்டியே போன் செய்து "அத்தை, சூடைக் குழம்புதான் வேணும், அது ஊர்ல கிடைக்காது" என்று சொல்லிவிடுங்கள். உண்மையிலேயே கடலிலிருந்து வந்த சூட்டோடு வைத்த சூடைக் குழம்புக்கு ஈடு கிடையாது. அம்மா புளியைக் கெட்டியாகக் கரைத்து, மீனைக் கடைசியில் போட்டு, ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடுவார். கரண்டி போட்டுக் கிண்டமாட்டார், சட்டியை இரண்டு கையாலும் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றுவார்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு சம்பாதிப்பீங்க?" என்ற கேள்வியைத் தயவுசெய்து கேட்காதீர்கள். மாசச் சம்பளக்காரர்களுக்கு இது சாதாரணக் கேள்வியாகத் தெரியும். இங்கே டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்து, படகுக்கும் வலைக்கும் பங்கு எடுத்துவிட்டு, மிச்சத்தைத்தான் ஆட்கள் பிரித்துக்கொள்வார்கள். செலவுக்கே காணாத நாளும் உண்டு. வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருந்தால் அவர் சொல்வதுதான் மீனுக்கு விலை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது. அதற்கு நிவாரணமாக அரசு கொடுப்பது ஒரு குடும்பத்துக்கு 8000 ரூபாய். ஒரு நாள் கணக்கு கேட்டால் அண்ணன் என்ன பதில் சொல்வான்? அதற்குப் பதிலாக "இப்ப காத்து எப்படி இருக்கு? எந்த மீன் படுது?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரம் பேசுவான்.

வெறுங்கையோடு போகக்கூடாது என்று ஸ்வீட் பாக்ஸ் வாங்குவார்கள், சரி. அதைவிடக் காய்கறி வாங்கிப் போங்கள். எங்கள் மணலில் முருங்கையை விட்டால் பெரிதாக ஒன்றும் விளையாது. கத்திரிக்காய், தக்காளி எல்லாம் வெளியிலிருந்து வந்தாக வேண்டும், வருவதற்குள் விலையும் ஏறிவிடும். பழைய துணி மூட்டை மட்டும் வேண்டாம். கேட்டால் கொடுங்கள், கேட்காமல் கொண்டுபோகாதீர்கள்.

கிளம்பும்போது கருவாட்டைப் பேப்பரில் சுற்றிக் கொடுப்பார்கள், சில நேரம் குழம்பையே தூக்குச் சட்டியில் ஊற்றிக் கொடுப்பார்கள். பர்ஸைத் திறக்காதீர்கள். "கார்ல வாசம் வருமே" என்றும் சொல்லாதீர்கள், வீட்டுக்குப் போய் ஜன்னலைத் திறந்து வைத்தால் போகிற வாசம்தான். தூக்குச் சட்டியைக் கழுவி எடுத்து வையுங்கள். அடுத்த முறை என்னிடம் கொடுத்தனுப்பும்போது அதில் நாலு கத்திரிக்காயாவது போட்டுக் கொடுங்கள். அம்மா மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, எப்போது மறுபடி வருவீர்கள் என்று என்னிடம் கேட்பார்.