மலைப்பாதையில் ஓடும் பிழைப்பு: சாப்பாட்டில் நாம் செய்யும் தவறுகள்

பகலில் பறித்த பச்சைத் தேயிலை சாயங்காலம்தான் ஃபேக்டரிக்கு வந்து சேரும். அதைப் பரப்பி, காற்று விட்டு வாடவைத்து, ரோலருக்கு ஏற்றுவதற்குள் நள்ளிரவு தாண்டிவிடும். மெஷின் பழுதாவதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். வாடிய இலையை அப்படியே போட்டுவைக்க முடியாது. அதனால் என்னைப் போல மெஷின் சர்வீஸ் பார்க்கிறவனுக்கு இரவு ஒரு மணிக்குப் போன் வரும். மூன்று மணிக்கு மஞ்சூரில் நிற்க வேண்டும். மறுநாள் மத்தியானம் கூடலூர், அதற்கடுத்த நாள் ஸ்பேர் வாங்கக் கோயம்புத்தூர். பதினெட்டு வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது.

நீலகிரியில் இப்படி ஓடுகிறவர்கள் நிறையப் பேர். டாக்ஸி ஓட்டுகிறவர்கள், காய்கறி லாரிக்காரர்கள், மருந்துக் கம்பெனி ரெப்கள், ஹட்டி ஹட்டியாக, அதாவது படுகர் ஊர் ஊராகப் போகும் கிராமச் செவிலியர்கள். நாற்பதைத் தொடுவதற்குள் எங்களில் பலருக்குச் சர்க்கரை, நெஞ்செரிச்சல், தொப்பை என்று ஏதாவது ஒன்று ஒட்டிக்கொள்கிறது. “கடைச் சாப்பாடு, என்ன பண்றது” என்று சொல்லிவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. கோளாறு கடைக்குப் போவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. பசித்தால் சாப்பிடலாம், தாகம் எடுத்தால் குடிக்கலாம் என்று காத்திருக்கிறோம். இந்த மலையில் குளிர் தாகத்தை மறைத்துவிடும், டீ பசியை அடக்கிவிடும். உடம்பு வாய்திறந்து சொல்லும்போது மணி நாலாகியிருக்கும்.

சாப்பாட்டு நேரத்தில் டீ

எந்த ஃபேக்டரிக்குப் போனாலும், எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் டீதான் வரும். அது அன்பு, வேண்டாம் என்று சொல்ல மனசு வராது. ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். எட்டு டீ. டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் பத்து கிராம், எட்டுக்கு 80 கிராம். தனியாகச் சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளைக்கு ஏறத்தாழ 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அந்த டீயோடு வர்க்கியும் பன்னும் சேர்ந்தால் மைதாவும் கொழுப்பும் வேறு.

இதற்கு நான் கண்ட வழி டீயை விடுவதில்லை. டீ விளையும் ஊரில் இருந்துகொண்டு அது நடக்கவும் நடக்காது. முதல் டீயும் சாயங்கால டீயும் சர்க்கரையோடு, மற்றதெல்லாம் பாலும் சர்க்கரையும் இல்லாத கட்டஞ்சாயா. முதல் இரண்டு வாரம் நாக்கு முரண்டு பிடிக்கும், அப்புறம் பழகிவிடும்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால், கீரையிலும் ராகியிலும் பருப்பிலும் இருக்கும் இரும்புச் சத்தை உடம்பு சரியாக எடுத்துக்கொள்ளாது. டீயில் இருக்கும் துவர்ப்புப் பொருள் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் இடைவெளி விட்டால் போதும். சாப்பாட்டோடு அரை எலுமிச்சை பிழிந்துகொண்டால் இரும்புச் சத்து நன்றாகவே சேரும். இரத்தசோகை உள்ள பெண்கள் வீட்டில் இருந்தால் இதை அவசியம் சொல்லுங்கள்.

மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போடுவது

மற்ற எல்லாத் தவறுகளையும் விட எனக்குப் பயம் தருவது இதுதான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், ஆடி மாதம். கூடலூர் பக்கம் வேலை முடித்து ஊட்டி திரும்பிக்கொண்டிருந்தோம். வண்டி ஓட்டியது என்னோடு வேலை பார்க்கும் தம்பி. நடுவட்டம் தாண்டியதும் மூடுபனி, கூடவே சாரல். ஸ்வெட்டர் போட்டும் எனக்கு நடுங்கியது. அவன் நெற்றியில் மட்டும் வியர்வை முத்து முத்தாக நின்றது. ஏதோ கேட்டேன், பதில் சம்பந்தமில்லாமல் வந்தது. ஸ்டியரிங்கில் இருந்த விரல்கள் ஆடின. “ஓரமா நிறுத்துடா” என்று சத்தம் போட்ட பிறகுதான் நிறுத்தினான். கையைப் பிடித்தால் பச்சைத் தண்ணீரில் நனைத்த துணி மாதிரி சில்லென்று ஈரம்.

காலையில் ஏழு மணிக்குச் சர்க்கரை மாத்திரை போட்டு இரண்டு இட்லி சாப்பிட்டிருக்கிறான். அப்போது மணி மூன்று. “ஊட்டி போய்ப் பார்த்துக்கலாம்ணா” என்று மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளியது அவன்தான், சரி என்று தலையாட்டியது நான்.

இரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது. பையில் இருந்த கடலை மிட்டாயைக் கொடுத்தேன். அவன் தெளிய வெகுநேரம் ஆனது. பிறகு டாக்டரிடம் கேட்டபோதுதான் காரணம் புரிந்தது. கடலையில் இருக்கும் கொழுப்பு, சர்க்கரை இரத்தத்தில் கலப்பதைத் தாமதப்படுத்தும். சாக்லேட்டும் அப்படித்தான். இந்த மாதிரி நேரத்தில் மூன்று ஸ்பூன், அதாவது 15 கிராம் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். குளுக்கோஸ் பவுடரோ பழச்சாறோ இருந்தாலும் சரி. பதினைந்து நிமிஷம் பார்த்து, சரியாகவில்லை என்றால் மறுபடி அதே அளவு. தெளிந்த பிறகு இட்லியோ சோறோ ஒழுங்காகச் சாப்பிட வேண்டும். முக்கால் மணி நேரமாவது வண்டியைத் தொடக் கூடாது. மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். உடனே 108க்கு அடிக்க வேண்டியதுதான்.

எல்லாச் சர்க்கரை மாத்திரையும் இப்படிச் செய்வதில்லை. மெட்ஃபார்மின் மட்டும் போடுகிறவர்களுக்கு இது அபூர்வம். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் சாப்பாட்டைத் தவறவிட்டால் சர்க்கரை சரேலென்று இறங்கும். உங்கள் மாத்திரை எந்த வகை என்று டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் வேலை எப்படிப்பட்டது, எத்தனை மணிக்குச் சாப்பிட முடிகிறது என்பதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். நேரம் தவறும் வேலைக்கு ஏற்ற மருந்தை அவர் யோசிப்பார். நாமாக மாத்திரையை நிறுத்துவதும் மாற்றிப் போடுவதும் வேண்டாம். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. அங்கே இது நடந்தால் என்ன ஆகும் என்பதை இப்போதும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

தண்ணீரைத் தவிர்ப்பது

குளிரில் தாகம் தெரியாது என்பது ஒரு பாதி. இன்னொரு பாதியை யாரும் வெளியே பேசுவதில்லை. வழியில் கழிப்பறை இல்லை என்பதால் பலர் வேண்டுமென்றே தண்ணீர் குடிப்பதில்லை, முக்கியமாகப் பெண்கள். என் அக்கா செவிலியர். காலை எட்டு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் மூன்று மணி வரை ஒரு மடக்குக் கூடக் குடிக்க மாட்டாள். இரண்டு தடவை சிறுநீர்த் தொற்று வந்து காய்ச்சலில் படுத்த பிறகுதான் பழக்கத்தை மாற்றினாள். போகும் பாதையில் பெட்ரோல் பங்க், ஆரம்ப சுகாதார நிலையம், தெரிந்தவர் வீடு என்று நாலைந்து இடங்களைக் குறித்து வைத்திருக்கிறாள். அந்த இடங்களுக்கு அரை மணி நேரம் முன்னால் குடிப்பாள்.

மலையில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பிப் போகவும் முடியாது. அங்கங்கே தண்ணீர் ஏடிஎம் வைத்திருக்கிறார்கள், பாட்டிலை நாம்தான் கொண்டுபோக வேண்டும். நான் ஃபிளாஸ்கில் வெதுவெதுப்பான சீரகத் தண்ணீர் எடுத்துப் போகிறேன். பச்சைத் தண்ணீர் என்றால் பாட்டில் அப்படியே வீடு திரும்பும், வெந்நீர் என்றால் தானாகவே தீர்ந்துவிடுகிறது. சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போனால் போதுமான அளவு குடிக்கிறீர்கள் என்று அர்த்தம். அடர்ந்த மஞ்சள் என்றால் பாட்டிலைத் திறங்கள்.

ராத்திரி பதினொரு மணிப் பரோட்டா

கோயம்புத்தூரிலிருந்து ஏறி வரும்போது மேட்டுப்பாளையத்தில் பரோட்டாக் கல்தான் கண்ணில் படும். நாலு பரோட்டா, சால்னா ஊற்றி ஊற்றி, ஒரு ஆம்லெட். வீட்டுக்கு வந்து படுத்தால் விடியும் வரை புளித்த ஏப்பம். இராத்திரியில் உடம்பு சர்க்கரையைக் கையாளும் திறன் குறைந்திருக்கும். பகலில் சாப்பிட்டால் செரித்துப் போகிற அதே சாப்பாடு, நள்ளிரவில் சர்க்கரையைக் கூடுதலாக ஏற்றிவிடும்.

இரவு வேலை இருக்கும் நாளில் ஏழு, ஏழரைக்கே முழுச் சாப்பாட்டை முடித்துவிடுங்கள். நடுச்சாமத்தில் பசித்தால் ஒரு வாழைப்பழம், ஒரு கைப்பிடி பொரிகடலை, இல்லையென்றால் அவித்த முட்டை போதும். கடையில்தான் சாப்பிட்டாக வேண்டும் என்றால் முதலில் இட்லி இருக்கிறதா என்று கேளுங்கள், ராத்திரியிலும் பல கடையில் இருக்கும். பரோட்டாதான் என்றால் இரண்டு ஆம்லெட்டோடு ஒரு பரோட்டா. சாப்பிட்டதும் படுக்காமல் இரண்டு மணி நேரமாவது தள்ளுங்கள். வண்டியில் பக்கத்து சீட்டைச் சாய்த்துப் படுப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

லீவு நாளில் விட்டதைப் பிடிக்கிறேன் என்று மூன்று வேளையும் கறியும் பிரியாணியுமாகச் சாப்பிடுவதும் இதே வகைதான். ஆறு நாள் அலைந்த வயிற்றுக்கு அன்றைக்காவது ரசம் சோறு கொடுங்கள்.

கட்டிக்கொண்டு போகிறவர்கள் செய்யும் தவறு

வீட்டுச் சாப்பாடு என்பதாலேயே அது நல்லது என்று நம்பிவிடக் கூடாது. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காலையில் அங்கே கட்டிய தயிர்ச்சோறு மத்தியானம் வரை தாங்கும் குளிர் இருக்கிறது. அதே டப்பாவை வண்டியில் வைத்து மேட்டுப்பாளையம் இறங்கினால் உயரம் 325 மீட்டர் அளவுக்கு வந்துவிடும், வெயில் கொளுத்தும். மூடிய காருக்குள் சோறு சீக்கிரமே கெட ஆரம்பிக்கும். சமைத்த சாப்பாட்டை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெதுவெதுப்பில் வைக்கக் கூடாது என்பதுதான் பொது விதி. கெட்ட சோற்றில் உண்டாகும் ஒரு நச்சு, மறுபடி சுட வைத்தாலும் போகாது.

கீழே இறங்கும் நாளில் புளியோதரையோ எலுமிச்சைச் சோறோ கட்டுங்கள், புளிப்பு ஓரளவு காக்கும். சோற்றை ஆறவைத்த பிறகு கிளறுங்கள், ஈரக் கரண்டி படக் கூடாது. சப்பாத்தியும் தக்காளித் தொக்கும் இன்னும் பத்திரம். மேலேயே சுற்றும் நாளில் ராகிக் களியும் அவரைக் குழம்பும் இருந்தால் அதற்கு மேல் என்ன வேண்டும்? இந்த ஊர்ப் படுகர் வீடுகளில் காலங்காலமாகச் சாப்பிடுவது. நூறு கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, நாலைந்து மணி நேரம் பசி தாங்கும். ஒன்று மட்டும் கவனம். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். அவரை, ராஜ்மா, கொண்டைக்கடலையைத் திறந்த பாத்திரத்தில் வேகவைத்தால் அரைவேக்காடாக நின்று வயிற்றைக் கெடுக்கும். ஊறப்போட்டுக் குக்கரில்தான் வேகவைக்க வேண்டும்.

அப்புறம் காயும் பழமும். கேத்தி பாலாடாவில் மூட்டை மூட்டையாகக் கேரட் கழுவி லாரியில் ஏறுகிறது. அந்த லாரியை ஓட்டுகிறவர் தட்டில் நாள் முழுக்க ஒரு துண்டு காய் இருக்காது. ஒரு நாளைக்குக் காயும் பழமும் சேர்த்து 400 கிராம் வேண்டும். பையில் இரண்டு கேரட், ஒரு வெள்ளரிக்காய், சீசனில் பிளம்ஸ், பேரிக்காய். நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து வைத்தால் இந்தக் குளிரில் இரண்டு மூன்று நாள் வாடாது. பர்லியார் கடைகளில் மங்குஸ்தான் வரும் மாதங்களில் பஜ்ஜிக்குப் பதில் அதை வாங்குங்கள். வண்டிக் கண்ணாடியை ஏற்றிவிட்டு இறங்குங்கள், குரங்கு பையோடு தூக்கிக்கொண்டு போய்விடும். மீந்ததைக் காட்டோரம் வீசவும் வேண்டாம்.

பாதையோடு கட்டிவிடுங்கள்

எங்கள் வேலைக்கு “ஒரு மணிக்குச் சாப்பிடு” என்ற அறிவுரை ஒத்துவராது. நான் சாப்பாட்டை மணியோடு சேர்க்காமல் பாதையோடு சேர்த்திருக்கிறேன். மலை இறங்குவதற்கு முன் சாப்பாடு. ஃபேக்டரி கேட்டுக்குள் நுழைவதற்கு முன் தண்ணீர். மெஷினைத் திறந்தால் எப்போது முடியும் என்று தெரியாது, அதனால் ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன் ஒரு பழம். மழைக்காலத்தில் எங்கே மண் சரியும், சீசனில் எங்கே வண்டி நிற்கும் என்று சொல்ல முடியாது. குன்னூர் வழி ஏறி, கோத்தகிரி வழி இறங்கு என்று ஒருவழி ஆக்கினாலும் மூன்று மணி நேரம் நிற்கத்தான் செய்கிறோம். அதற்காக டேஷ்போர்டு அறையில் ஒரு டப்பாவில் வறுத்த வேர்க்கடலை, பொரிகடலை, கொஞ்சம் பேரீச்சம்பழம். பக்கத்தில் ஒரு குளுக்கோஸ் பாக்கெட், அது தம்பிக்காக.

போன வாரம் கிண்ணக்கொரை பக்கம் போக வேண்டியிருந்தது. மஞ்சூர் வந்ததும் நான் சொல்வதற்குள் அவனே வண்டியை ஓரம் கட்டினான். “அண்ணா, இதுக்கு மேல கடை இருக்காது, சாப்பிட்டுட்டுப் போயிடலாம்” என்று டப்பாவைத் திறந்தான். ஆளுக்கு மூன்று சப்பாத்தி, பீன்ஸ் பொரியல், அவித்த முட்டை. வெளியே மழை பிடித்துவிட்டது. மணி பதினொன்றே கால்தான் ஆகியிருந்தது.