விரிசலை ஒட்டவைக்காதீர்கள்: பழம்பொருளை வரைகிறவர்கள் செய்யும் தவறுகள்

1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையிழந்த ஓவியர்களுக்கு அமெரிக்க அரசு ஒரு வினோதமான வேலை கொடுத்தது. ஜாடி, குவில்ட் போர்வை, கூரைமேல் காற்றுத்திசை காட்டும் சேவல், மரப்பொம்மை, சேணம் என்று சாதாரண ஜனங்கள் புழங்கிய பழம்பொருட்களை அச்சு அசலாக வாட்டர்கலரில் வரைய வேண்டும். 1935 முதல் 1942 வரை நடந்த இந்தத் திட்டத்தின் பெயர் ‘இண்டெக்ஸ் ஆஃப் அமெரிக்கன் டிசைன்’. அதன் ஓவியங்கள் சுமார் 18,000, வாஷிங்டன் நேஷனல் கேலரியில் இருக்கின்றன. இணையத்திலும் கிடைக்கின்றன. அவற்றைப் பார்த்து வரையப் பழகுகிறவர்கள் பலரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். பொருளை அழகுபடுத்திவிடுகிறார்கள்.

சூளையில் உப்பைப் போட்டு மெருகேற்றிய, கல் போல இறுகச் சுட்ட களிமண் ஜாடியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளிபுள்ளியாக இருக்கும். கோபால்ட் நீலப் பூ ஓரங்களில் கொஞ்சம் கசிந்திருக்கும், விளிம்பு உடைந்திருக்கும். நான் முதலில் வரைந்தபோது கசிவைத் துடைத்து, உடைசலையும் கையோடு ஒட்டிவிட்டேன். நேற்று கடையில் வாங்கிய ஜாடி போல வந்தது! உடைசலும் அந்தப் பொருளின் வரலாறுதான்.

பளபளப்புக்கு வெள்ளை வண்ணத்தை அப்புவது அடுத்த தவறு. காகிதத்தின் வெள்ளையை விட்டுவைத்து, மெல்லிய பூச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிப் பாருங்கள். ஒளி உள்ளிருந்து வரும். அவசரம் கூடாது, ஒவ்வொரு பூச்சும் காய வேண்டும்.

எளிமையாக வாழ்ந்த ஷேக்கர் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவச் சமூகத்தினர் செய்த நாற்காலியில் அலங்காரமே கிடையாது. அழகு முழுக்க அளவில் இருக்கிறது. அளக்காமல் கண்மதிப்பில் வரைந்து கால் கொஞ்சம் தடித்தால் அது வேறு நாற்காலி. ஸ்கேலை எடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. பின்னணியில் மேஜைவிரிப்பு, பூச்செண்டு எல்லாம் வேண்டாம். வெறும் காகிதம் போதும்.

அப்புறம், படத்தோடு வேலை முடிந்ததென்று எழுந்துவிடாதீர்கள். அந்தத் திட்டத்தில் ஓவியத்துக்கு ஒரு தகவல்தாள் உண்டு: என்ன பொருள், எப்போது செய்தது, யாரிடம் இருக்கிறது, என்ன அளவு. அது இல்லாவிட்டால் ஜாடி கையளவா இடுப்பளவா என்று யாருக்குத் தெரியும்?

இன்னொரு தவறு பார்ப்பவருடையது. இதுதான் மொத்த அமெரிக்கக் கைவினை என்று நினைத்துவிடுவது. பூர்வகுடிகளின் பொருட்களை இனவரைவியலாளர்கள் (மக்கள் குழுக்களின் வாழ்க்கையை ஆராய்கிறவர்கள்) ஏற்கெனவே பதிவு செய்கிறார்கள் என்று சொல்லித் திட்டம் அவற்றைச் சேர்க்கவில்லை. அந்தக் கூடைகளையும் பானைகளையும் இங்கே தேடினால் கிடைக்காது.