குதிகால் வலியா? செருப்பைக் கவிழ்த்துப் பாருங்கள்

காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்ததும் குதிகாலில் ஆணி குத்தினாற்போல் சுரீர் என்கிறது. பத்து அடி நடந்தால் குறைகிறது. நாள் முழுக்கக் கடையிலோ அடுப்படியிலோ நின்றுவிட்டு வந்தால் மறுபடி பிடித்துக்கொள்கிறது. பெரும்பாலும் இது குதி எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை ஓடும் தடித்த நார்ப்பட்டையின் கோளாறு. எக்ஸ்ரேயில் எலும்பு வளர்ந்திருப்பதாகச் சொன்னால் பதற வேண்டாம். வலியே இல்லாத பலருக்கும் அது உண்டு.

போட்டிருக்கும் செருப்பைக் கவிழ்த்துப் பாருங்கள். குதியின் வெளியோரம் கொஞ்சம் தேய்வது இயல்பு. உள்ளோரம் தேய்ந்திருந்தால் பாதம் உள்பக்கம் சரிகிறது என்று பொருள். அந்தச் சரிவு முழங்காலையும் இடுப்பையும் தொந்தரவு செய்யலாம். அடுத்து, நுனியையும் குதியையும் பிடித்து மடக்குங்கள். விரல் மடங்கும் இடத்தில் வளைய வேண்டும். நடுவில் இரண்டாக மடிந்தால் பாதத்தின் வளைவுக்குத் தாங்கல் கிடையாது. தேய்ந்த ஹவாய் செருப்பு இதில் தேறவே தேறாது. போதாக்குறைக்கு, பின்வார் இல்லாததால் அது கழன்றுவிடாமல் விரல்கள் இறுக்கிப் பிடித்தபடியே நடக்கின்றன.

புதிதாக வாங்க மாலையில் போங்கள், அப்போது பாதம் சற்று வீங்கியிருக்கும். நின்றபடி போட்டுப் பார்த்து, விரல் நுனிக்கு முன் 1 செ.மீ. இடம் விடுங்கள். குதி 2 முதல் 3 செ.மீ. உயரம் போதும். எம்.சி.ஆர். (நுண்துளை ரப்பர்) செருப்பு நல்ல தேர்வுதான், ஆனால் பஞ்சுபோல அமுங்குவதெல்லாம் தாங்காது.

கட்டிலில் இருந்தபடியே, வலிக்கும் காலை மறுதொடைமேல் போட்டு விரல்களை முழங்கால் பக்கமாக இழுங்கள்: 10 விநாடி, 10 தடவை. முதல் அடிக்கு முன்பே செய்துவிடுங்கள். பிறகு சுவரில் கைவைத்து, பின்காலின் குதி தரையை விட்டு எழும்பாமல் முன்னே சாய்ந்து 30 விநாடி, 3 தடவை. குதி எழும்பினால் கெண்டைச்சதை நீளாது. ஓரிரு வாரத்தில் விட்டுவிடாதீர்கள். குணமாகச் சில மாதங்கள் ஆகலாம்.

நிற்கும்போது முழங்காலைப் பூட்டினாற்போல் விறைக்காதீர்கள். ஒரே காலில் சாய்ந்து நின்றால் இடுப்பு ஒருபக்கம் இறங்கும். 10 செ.மீ. உயரப் பலகையில் கால்களை மாற்றி மாற்றி வையுங்கள். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டம் வந்துவிட்டது. கேட்டு வாங்கி உட்காருங்கள்.

சர்க்கரை நோயாளிகள் ஐஸ் பாட்டிலைக் காலடியில் உருட்டும் வைத்தியத்தைத் தவிர்க்கவும். உணர்ச்சி குறைந்த பாதம் புண்ணானாலும் தெரியாது. மரத்துப்போதல், வீக்கம், ராத்திரியிலும் விடாத வலி இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.