வேளாங்கண்ணி: குளத்திலிருந்து கடலுக்கு நடப்பது எப்படி

பேருந்தை விட்டு இறங்கியதும் பேராலயம், அடுத்து கடற்கரை, நேரம் மிஞ்சினால் மாதா குளம். பெரும்பாலோர் இப்படித்தான் சுற்றுகிறார்கள். ஊரின் கதையோ எதிர்த்திசையில் வளர்ந்தது. மேற்கே குளத்தில் தொடங்கி, நடுத்திட்டு வழியாகக் கிழக்கே கடலுக்குப் போங்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து வேதாரண்யம் சாலையில் தெற்கே சுமார் 12 கி.மீ. பேருந்து அடிக்கடி உண்டு. ரயில் பாதை 2010-ல் வந்தது. கிழக்கே வங்கக்கடல், தெற்கே வெள்ளையாறு, மேற்கே வேதாரண்யம் கால்வாய் என நீர் சூழ்ந்த மணல்மேடுதான் ஊர். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஜனவரி, பிப்ரவரி நடப்பதற்கு இதம்.

முதலில் மாதா குளம். பால் கொண்டுபோன சிறுவனிடம் குழந்தையோடு வந்த ஒரு தாய் பால் கேட்டது இங்கேதான், பிறகு நாகப்பட்டினத்தில் வாடிக்கையாளர் வீட்டில் அவன் குடத்தில் பால் பொங்கியது என்பது மரபு. அடுத்து நடுத்திட்டு: மோர் விற்ற கால் ஊனமுற்ற சிறுவன் மாதாவின் அருளால் குணமாகி நடந்ததாகச் சொல்லும் இடம். அதன்பின்தான் மாதாவுக்குக் கூரைக்கோயில் எழுந்தது. இவை 16-ஆம் நூற்றாண்டோடு சேர்த்துச் சொல்லப்படும் செவிவழிக் கதைகள். கல்வெட்டுச் சான்று தேடாதீர்கள்.

குளத்துக்கும் பேராலயத்துக்கும் இடையிலான மணல் பாதையில்தான் முழந்தாளிட்டு நடக்கும் நேர்த்திக்கடன். விடியற்காலையில் தொடங்குங்கள். வெயில் ஏறினால் மணல் சுடும், முட்டியில் தோல் உரிந்துவிடும். துண்டை நான்காக மடித்து முட்டியில் கட்டலாம், அதில் பாவமொன்றும் இல்லை. சர்க்கரை நோயாளிகள் காலால் நடப்பதே நல்லது.

பேராலயத்துக்குள் போனதும் பீடத்தைக் கூர்ந்து பாருங்கள். பீங்கான் தட்டுகள் பதித்திருக்கும். 17-ஆம் நூற்றாண்டில் புயலில் தப்பிச் செப்டம்பர் 8 அன்று இங்கே கரையேறிய போர்த்துகீசிய மாலுமிகள், கூரைக்கோயிலைக் கட்டடமாக்கி, பின்னர் வந்த பயணத்தில் கொண்டுவந்தவை என்பார்கள். ஊரின் மூன்றாம் கதைக்குக் கண்ணால் காணக்கூடிய சாட்சி இவைதான். கூட்டத்தில் தள்ளப்பட்டு இதைத் தவறவிடுபவர்களே அதிகம். நாகப்பட்டினத்தின் கிளையாக இருந்த ஊர் 1771-ல் தனிப்பங்கானது, அதாவது தனக்கெனப் பாதிரியார் உள்ள திருச்சபைப் பகுதியானது. 1962-ல் திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவான் இதைப் பேராலயமாக உயர்த்தினார். பீடத்துக்குப் பின்புறமுள்ள இரண்டடுக்கு விரிவாக்கம் 1970-களில் எழுந்தது. காணிக்கைக் காட்சியகத்தையும் விடாதீர்கள்: கை, கால், வீடு, தொட்டில் வடிவத் தகடுகளில் மக்களின் வேண்டுதல்கள் தெரியும்.

தென்னங்கன்று காணிக்கை தருவதானால் கோயிலருகே வாங்குங்கள். ஊரிலிருந்து பேருந்தில் கொண்டுவரும் கன்றின் குருத்து வழியிலேயே ஒடியும்.

ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 7 இரவு பெரிய தேர்பவனி, 8 திருவிழா. அந்த நாட்களில் அறை கிடைக்காது. வரலாறு பார்க்க வருபவர்கள் தவிர்த்துவிடுங்கள். காவி உடுத்திப் பாதயாத்திரை வருபவர்களைப் பார்க்க வேண்டுமானால் கொடியேற்றத்துக்கு ஓரிரு நாள் முன் வரலாம்.

கடைசியாகக் கடற்கரை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இங்கே நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் என்பதால் யாத்ரீகர் கூட்டம் மிகுந்திருந்தது. சாதாரண நாளிலும் அலை காலடி மணலை அரித்து இழுக்கும். முழங்கால் அளவு தண்ணீருக்கு மேல் இறங்காதீர்கள், குழந்தைகளின் கையை விடாதீர்கள்.